குடகுக் கத்தியை இணைய ஏலத்தில் எடுத்தது தப்பா?

நொய்யல்கரை (சனி, இரவு 9.10)

வணக்கம். போன மாதம் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர் ஏலக்கடையில், இணையம் வழியாக ஒரு குடகுக் கத்தி எடுத்தேன். பட்டியலில் "துருக்கிக் குத்துவாள், வெள்ளி உறை" என்று போட்டிருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பட்டையான ஒருபக்கக் கூர், ஏழு அங்குல அலகு, உறையிலிருந்து தொங்கும் வெள்ளிச் சங்கிலி, அதன் நுனியில் காதுகுடைவான், சாமணம் எல்லாம் கொத்தாக. சேகரிப்பவர்கள் பிச்சங்கத்தி என்று எழுதுவது இதைத்தான்.

சுத்தியல் விலை, அதாவது ஏலம் முடிந்த விலை, 420 பவுண்டு. அதன்மேல் ஏலக்கடைக் கமிஷன் 25 சதவீதம், அதற்கு வரி, கூரியர், நம் சுங்கம். கணக்குப் பார்த்தால் அந்த விலைக்கும் கடைசி விலைக்கும் சம்பந்தமே இல்லை. இருந்தாலும் கோயம்புத்தூரில் என் மேசைமேல் அது இருக்கும்போது, ஊர் திரும்பிய பொருள் என்ற நினைப்புதான் வருகிறது.

நாளை ஞாயிறு வேறொரு தளத்தில் இன்னொன்று ஏலத்துக்கு வருகிறது. இரண்டின் படங்களையும் போட்டிருக்கிறேன். ஏலம் கேட்கலாமா?

குடகுமருமகள் (இரவு 9.55)

தம்பி, கத்தி அழகாக இருக்கிறது. வாழ்த்து சொல்லத்தான் மனம் வரவில்லை.

நான் பிறந்தது சத்தியமங்கலம். இருபத்திரண்டு வருடமாகக் குடகில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் பீச்சே கத்தி. மாப்பிள்ளை குப்யா என்கிற நீள அங்கி போட்டு, செம்பட்டு இடைக்கச்சை கட்டி, அதில் இதைச் செருகிக்கொண்டுதான் மணமேடைக்கு வருவார். செப்டம்பரில் கைல்போது என்கிற ஆயுத பூஜைப் பண்டிகை வரும்போது வீட்டிலுள்ள துப்பாக்கி, ஒடிகத்தி என்கிற பெரிய வெட்டுக்கத்தி, பீச்சே கத்தி எல்லாவற்றையும் துடைத்து, சாமி அறையில் விளக்குக்கு முன் வைத்து, சந்தனம் இட்டு, தோக் பூ சூட்டுவோம். தோக் என்றால் துப்பாக்கி. அந்தப் பூ நம் செங்காந்தளேதான். முதல் வருடம் அதைப் பார்த்தபோது பிறந்த ஊரே வந்து நின்றது போல இருந்தது எனக்கு.

நீங்கள் மேசைமேல் வைத்திருப்பது அப்படி ஒரு விளக்கின் முன்னால் இருந்த பொருள். எந்த வீட்டு விளக்கு என்று தெரியாமல் "ஊர் திரும்பியது" என்று எப்படிச் சொல்கிறீர்கள்? குடகுக்கு வரவில்லை, கோயம்புத்தூருக்குத்தானே வந்திருக்கிறது?

வெள்ளிப்பூண் (இரவு 10.20)

நொய்யல்கரை, தயங்காதீர்கள். முப்பது வருடமாகச் சேகரிப்பவன் சொல்கிறேன்.

அக்காவுக்கு ஒரு கேள்வி. இந்த உறைகளில் பாதிக்குமேல் எங்கே போயின தெரியுமா? அடகுக்கடைக்கு. அங்கே கத்தியைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, வெள்ளியைத் தராசில் வைத்து உருக்கிவிடுவார்கள். சென்னையில் உறை இல்லாத அலகுகளைப் பழைய இரும்போடு இரும்பாக என் கண்ணால் பார்த்திருக்கிறேன். என்னைப் போல நாலு பேர் வெள்ளி விலைக்கு ஐந்து மடங்கு கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் உருக்குவது குறைந்தது.

இங்கிலாந்தில் இருப்பதெல்லாம் திருட்டுச் சொத்தும் அல்ல. 1850களிலிருந்து காபித் தோட்டம் போட வந்த வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். காசு கொடுத்து வாங்கினார்கள், பரிசாகவும் பெற்றார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது இவை ஏலத்துக்கு வருகின்றன. நாம் எடுக்காவிட்டால் துருக்கிக் கத்தி என்ற பெயரோடே வேறொரு அலமாரிக்குப் போகும்.

குடகுமருமகள் (இரவு 10.48)

காபித் தோட்டத்துக்கு முன்னால் 1834 இருக்கிறது ஐயா. கம்பெனிப் படை மடிக்கேரிக்குள் வந்து, குடகு ராஜா சிக்க வீரராஜேந்திரனை அரியணையிலிருந்து இறக்கியது. அன்று எடுத்ததைப் படைக்குப் பரிசுப் பணமாகப் பங்கிட்டார்கள். அதையும் "குடும்பச் சேகரிப்பு" என்றுதான் பட்டியலில் எழுதுவார்கள்.

அதை விடுங்கள், நூற்றுத் தொண்ணூறு வருடப் பழைய கதை. என் வீட்டுக்காரரின் தாய்மாமா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஐன்மனையில், அதாவது பூர்வீக வீட்டில், எண்பது வயதுப் பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். வெள்ளியை மெருகேற்றித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். கையில் போன். அதில் ஏதோ ஏலத்தின் விலை. "இவ்வளவுக்குப் போகிறது, உங்களுக்குப் பாதி தருகிறேன்" என்று ஆரம்பித்து, கடைசியில் பத்தில் ஒரு பங்குகூடக் கொடுக்காமல் இரண்டு கத்தியை எடுத்துப் போய்விட்டார். அடுத்த கைல்போதுக்கு விளக்கு முன்னால் ஒடிகத்தி மட்டும் இருந்தது. அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

உருக்காமல் காப்பாற்றியது உங்கள் விலை என்கிறீர்கள். அந்தப் போனில் இருந்ததும் அதே விலைதான்.

மாத்தளை (இரவு 11.30)

அக்கா சொல்லுறதில நியாயம் இருக்கு. எங்கட நாட்டிலயும் இதே கதைதான். கண்டி அரசரிண்ட பட்டறையில செய்த பிஹா கெத்த எண்ட கத்தி லண்டன் ஏலத்தில அடிக்கடி வரும். 1765இல ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையடிச்சபோது எடுத்த ஆறு பொருளை நெதர்லாந்து 2023 டிசம்பரில இலங்கைக்குத் திருப்பித் தந்தது. பீரங்கி, வாள்கள், துவக்குகள், அதோட ஒரு கத்தியும். அது எப்பிடி நடந்தது? எந்தப் பொருள் எந்தக் கையால போனது எண்டு அங்கத்தை ஆராய்ச்சியாளர் வருஷக்கணக்கா இருந்து தேடினவை. தனி ஆள் ஏலத்தில எடுத்தா அந்தத் தேடல் அவரோட நிண்டுபோயிடும். ஆனா வெள்ளிப்பூண் அண்ணை சொன்ன மாதிரி, அரசாங்கம் சின்னக் கத்திக்காக வரப்போறதில்லை. அதுக்கு என்ட்ட பதில் இல்லை.

உலைக்களம் (ஞாயிறு, காலை 6.15)

எங்கள் குடும்பம் திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடிக்கிற குடும்பம். பழைய சாமானை இணையத்தில் வாங்கும் பழக்கம் எனக்கில்லை, ஆனால் இரும்பு பேசுவது கேட்கும். ராத்திரி உங்கள் படங்களை ரொம்ப நேரம் பார்த்தேன்.

முதல் கத்தி நல்லது. அலகின் முதுகு பிடிப் பக்கம் தடித்து நுனிக்கு ஒரே சீராக இளைக்கிறது. சம்மட்டியால் இழுத்தால்தான் இந்த இளைப்பு வரும். பட்டைத் தகட்டில் வெட்டி எடுத்து அரைத்தால் முதுகு நுனிவரை ஒரே கனமாக நிற்கும். இன்றைய போலிகளில் பத்துக்கு எட்டில் அதைத்தான் பார்க்கிறேன். துருவும் சரி: கறுத்துப் படிந்து, தொட்டால் ஒட்டாதது. அமிலம் ஊற்றிப் "பழசாக்கினால்" அலகு முழுக்க ஒரே அளவில் குழி விழும், செம்மண் நிறத் தூள் விரலில் வரும். உறை அதே கத்திக்குச் செய்ததுதானா என்று பார்க்க ஒரு வழி. வயிறு அகன்ற இடம் இரண்டிலும் ஒன்றாக அமரவேண்டும், தலைகீழாகப் பிடித்து ஆட்டினால் கடகட என்று சத்தம் வரக்கூடாது. ஒரு வீட்டுக் கத்தியை இன்னொரு வீட்டு உறையில் செருகி விற்பது சாதாரணமாக நடக்கிறது.

இனி நான் எழுத வந்த விஷயம். முதல் கத்தியின் உறைச் சித்திரத்தில், பள்ளங்களில் வெள்ளையாக ஒரு பொடி கட்டியிருக்கிறது. அது வெள்ளி துடைக்கிற பாலிஷ். வருடக்கணக்காகத் துடைத்துத் துடைத்துப் புடைப்பெல்லாம் மழுங்கியிருக்கிறது. யாரோ வெள்ளைக்காரர் வீட்டில் தலைமுறையாக அலமாரியில் இருந்த பொருள் என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டாவது கத்தியின் நாலாவது படத்தைப் பெரிதாக்குங்கள். சங்கிலி உறையோடு சேரும் வளையத்துக்கடியில் மஞ்சளாகக் காய்ந்திருப்பது பாலிஷ் இல்லை. அதன் நடுவில் சிவப்பும் இருக்கிறது. என் கண்ணுக்குச் சந்தனமும் குங்குமமும் போலத் தெரிகிறது. அக்கா, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

குடகுமருமகள் (காலை 7.02)

பார்த்தேன். சந்தனம்தான். அந்த வளையத்துக்குப் பக்கத்தில்தான் நானும் வைப்பேன், அங்கேதான் விரல் போகும். இரண்டு தடவை துடைத்தால் போய்விடுகிற பொருள் இது. நூறு வருடம் இங்கிலாந்தில் இருந்திருந்தால் நிற்குமா?

வெள்ளிப்பூண் (காலை 7.40)

ஒரு மஞ்சள் கறையை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. மெழுகாக இருக்கலாம், பழைய எண்ணெய்ப் பிசுக்காக இருக்கலாம். சந்தனமே என்றாலும், அந்த வீட்டுக்காரரே முறையாக விற்றிருக்கலாமே? அவர் சொத்து, அவர் உரிமை. மகள் படிப்புக்குப் பணம் வேண்டியிருந்திருக்கும். அதைத் தடுக்க நாம் யார்?

வைகைவக்கீல் (காலை 8.30)

இந்தியாவுக்குள் விற்றிருந்தால் நீங்கள் சொல்வதைப் பேசலாம். இந்தக் கத்தி வெளிநாட்டில் இருக்கிறது. தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1972இல் வந்தது, 1976 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. நூறு வருடத்துக்குக் குறையாத கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. பட்டியலிலேயே 19ஆம் நூற்றாண்டு என்று அச்சிட்டிருக்கிறார்கள். கத்தி அவ்வளவு பழசு என்றால் அது எப்படிப் போனது என்பதற்கு நேர்மையான பதில் ஒன்றுதான் இருக்கமுடியும்: 1976க்கு முன்னால் போனது. அதற்குக் காகிதம் வேண்டும்.

இன்னொன்று. பட்டியலில் பிடி "எலும்பு" என்றிருக்கிறது. பிடியின் முனையில் குறுக்கு வெட்டுத் தெரிகிற படம் கேளுங்கள். எலும்பில் சின்னச் சின்னக் கறும்புள்ளிகள் தெரியும். தந்தமென்றால் வலை பின்னியதுபோல் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். தந்தப் பிடி என்றால் இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யவே முடியாது. பிரிட்டனிலும் 2022 ஜூன் முதல் தந்தச் சட்டம் அமலில் இருக்கிறது. அதனால் தந்தத்தை எலும்பென்று எழுதும் பழக்கம் பெருகிவிட்டது.

ஆயுதச் சட்டத்துக்காகப் பயப்படவேண்டாம். அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால்தான் அந்தக் கேள்வியே எழும்.

நொய்யல்கரை (காலை 10.15)

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி அக்கா எழுதியதைப் படித்துவிட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு செலவழித்து வாங்கியவனை இப்படிச் சொல்கிறாரே என்று நினைத்தேன். ஆனால் காலையில் என் கத்தியை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உலைக்களம் அண்ணன் சொன்ன வெள்ளைப் பொடி அப்படியே இருக்கிறது. இத்தனை நாள் அதை அழுக்கு என்று நினைத்து, ஊசியால் நோண்டி எடுக்க இருந்தேன். நல்லவேளை.

இரண்டாவது கத்தி எங்கிருந்து வந்தது என்று விற்பவருக்கு எழுதிக் கேட்டேன். "தனியார் சேகரிப்பு, ஐரோப்பா" என்று ஒரே வரி. எந்த வருடம் அவர் கைக்கு வந்தது என்று திரும்பக் கேட்டதற்குப் பதில் இல்லை. நான் ஏலம் கேட்கப்போவதில்லை.

வெள்ளிப்பூண் (காலை 10.32)

நீங்கள் விலகினால் கத்தி குடகுக்குப் போய்விடுமா? ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ யாராவது எடுப்பார்கள், நாளை மறுநாள் அந்தச் சந்தனத்தைப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். அப்புறம் சாட்சியும் இருக்காது. நான் ஏலம் கேட்கத்தான் போகிறேன். கிடைத்தால் துடைக்காமல் வைத்திருப்பேன். உரிய வீடு தெரிந்தால் போட்ட காசுக்குக் கொடுத்துவிடுகிறேன், ஒரு பைசா லாபம் வேண்டாம்.

குடகுமருமகள் (காலை 11.05)

உங்கள் நல்ல மனதைச் சந்தேகிக்கவில்லை ஐயா. ஆனால் அந்த வீட்டுக்காரர் தன் கத்தியைத் தானே காசு கொடுத்து மீட்கவேண்டும் என்கிறீர்கள். அங்கேதான் நான் உங்களோடு சேரமுடியவில்லை.

தம்பி, விற்பவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். ஏழு படம் போட்டிருக்கிறார்கள், ஏழும் முன்பக்கம். உறையின் பின்பக்கம் ஒன்றுகூட இல்லை. எங்கள் வீட்டுக் கத்தியின் பின்னால் மாமனாரின் தாத்தா பெயரின் முதலெழுத்தைக் கன்னடத்தில் கீறியிருக்கிறார்கள். இதிலும் ஏதாவது இருந்தால் விராஜ்பேட்டை, பொன்னம்பேட்டைப் பக்கம் விசாரித்துப் பார்க்கிறேன். தாய்மாமா வீட்டு அத்தைக்கும் காட்டவேண்டும்.

வைகைவக்கீல் (காலை 11.20)

ஏலம் முடிந்ததும் பக்கத்தை எடுத்துவிடுவார்கள். எல்லாப் படத்தையும் இப்போதே சேமித்து வையுங்கள், பட்டியல் எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி. தொல்லியல் துறைக்கு ஒரு புகார் மனு இன்று மாலைக்குள் எழுதித் தருகிறேன்.

நொய்யல்கரை (மதியம் 12.40)

சேமித்துவிட்டேன். பின்பக்கப் படமும் கேட்டிருக்கிறேன் அக்கா. ஏலம் நம் நேரத்துக்கு இன்றிரவு ஏழரைக்கு.