குரூப் போட்டோவை 10×8 பிரின்டுக்குக் கிராப் செய்தால் ஓரத்தில் நிற்பவர்கள் வெட்டுப்படுகிறார்கள், என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம். குடும்பத்தில் எல்லோரும் ஒரே வரிசையாக நின்று எடுத்த போட்டோ, 6000×4000 பிக்சல். சட்டம் போட 10×8 இன்ச் பிரின்ட் வேண்டும், டிவியில் முழுத்திரையாகவும் காட்ட வேண்டும், அப்புறம் பாட்டியின் முகம் மட்டும் புரொஃபைல் படமாக வேண்டும். 10×8க்குக் கிராப் பெட்டியை வைத்தால் இடது ஓரத்தில் சித்தப்பாவுக்குப் பாதி முகம்தான் மிஞ்சுகிறது. பெட்டியை இடப்பக்கம் நகர்த்தினால் வலது ஓரத்தில் நிற்கும் குழந்தை காணாமல் போகிறது. 24 மெகாபிக்சல் போதாதா? டிபிஐயை 72இலிருந்து 300 ஆக்கியும் ஒன்றும் மாறவில்லை.

பதில் 1:
பிக்சல் தாராளமாக இருக்கிறது, இடிப்பது விகிதம்தான். உங்கள் படம் 3:2, நீங்கள் கேட்கும் பிரின்ட் 5:4. முழு உயரத்தையும் வைத்துக்கொண்டாலும் அகலம் 5000 பிக்சலோடு நின்றுவிடும்; மீதி 1000 போயே தீரும். டிபிஐ என்பது ஒரு இன்ச்சில் எத்தனை பிக்சல் அச்சாக வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே. அதை மாற்றினால் படத்தின் வடிவம் மாறாது. 12×8 பிரின்ட் போடுங்கள். அது சரியாக 3:2, யாரையும் வெட்ட வேண்டாம்.

கேட்டவர்:
சட்டம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, 10×8தான்.

பதில் 2:
அப்படியானால் கிராப்பே வேண்டாம், பார்டர் வையுங்கள். படத்தைத் தொடாமல் கேன்வாஸ் (படம் உட்காரும் பின்னணித் தாள்) அளவை மட்டும் 6000×4800 ஆக்கி, மேலும் கீழும் 400 பிக்சல் வெள்ளை விடுங்கள். இப்போது அது 5:4. பிரின்டில் மேலே முக்கால் இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாக வெள்ளை வரும், கீழேயும் அவ்வளவே. குடும்பப் படத்தில் ஒருவரை இழப்பதைவிட இதுதான் எவ்வளவோ மேல். ஒன்று மட்டும் கவனியுங்கள்: பார்டர் இல்லாத பிரின்ட் என்றால் இயந்திரம் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிடும். சித்தப்பா ஓரத்தை ஒட்டி நிற்கிறார் என்றால் பக்கவாட்டிலும் கொஞ்சம் வெள்ளை விடுவது நல்லது.

கேட்டவர்:
பார்டர் வைத்துப் பார்த்தேன், எல்லோரும் இருக்கிறார்கள். மிக்க நன்றி! இந்தக் கோப்பிலிருந்தே டிவிக்கும் புரொஃபைலுக்கும் வெட்டலாமா?

பதில் 2:
வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரிஜினலைத் திறந்து புதிதாக வெட்டி, வேறு பெயரில் சேமியுங்கள். ஜேபெக்கைத் திறந்து திருத்தித் திரும்பத் திரும்பச் சேமித்தால் தரம் குறைந்துகொண்டே போகும்.

டிவி 16:9, அதாவது 6000×3375. உயரத்தில் 625 பிக்சல் போகும். அதைத் தலைக்கு மேல் இருக்கும் வானத்திலிருந்து எடுங்கள். போதவில்லை என்றால் கீழே வெட்டலாம், ஆனால் முழங்காலிலோ கணுக்காலிலோ கோடு விழ வேண்டாம், பார்க்க உறுத்தும். தொடையின் நடுவில் வெட்டினால் இயல்பாக இருக்கும்.

பதில் 3:
பாட்டி படத்துக்கு: கிராப் பெட்டியை 1:1 விகிதத்தில், அதாவது சதுரமாகப் பூட்டிவிட்டு வெட்டுங்கள். பல இடங்களில் அதை வட்டமாகத்தான் காட்டுவார்கள், நான்கு மூலையும் போய்விடும். அதனால் முகத்தை நடுவில் வைத்து, தலைமுடிக்கு மேலேயும் தாடைக்குக் கீழேயும் நன்றாக இடம் விடுங்கள். குரூப் போட்டோவில் ஒரு முகம் என்றால் 700×700 அளவுக்குக் கிடைக்கலாம். திரைக்கு அது போதும். அதையே பிரின்ட் போட்டால் 300 டிபிஐயில் இரண்டு இன்ச்சுக்குச் சற்று மேல்தான் வரும், பெரிதாக்கினால் மங்கிவிடும். பாட்டிக்குப் பெரிய படம் வேண்டுமென்றால் அவரைத் தனியாக உட்காரவைத்து ஒன்று எடுத்துவிடுங்கள்.