ஏழு இலக்க எண் அறிகைச் சுமையைத் தரவில்லை. மாற்றுப் பணி தேவை

சமூக உளவியலில் பட்டப்பின்படிப்பு ஆய்வொன்றைக் கொழும்பில் தமிழ் மாணவர்களிடையே நடத்தி வருகிறேன்; மூன்று வாரங்களாக ஒரே இடத்தில் நிற்கிறேன். சைக்கிள் ஓட்டுவது போன்ற இலகுவான திறன்களில் பலர் தம்மைச் சராசரிக்கு மேலாகவும், கணினி நிரலாக்கம் போன்ற கடினமானவற்றில் கீழாகவும் மதிப்பிடுகிறார்கள். மனம் வேறொன்றில் ஈடுபட்டிருக்கும்போது (இதுதான் அறிகைச் சுமை) இப்போக்குக் கூடுகிறது என்று உளவியலாளர் ஜஸ்டின் குரூகர் 1999இல் காட்டினார். தம்மைப் பற்றிய எண்ணம் தானாக வருகிறது, மற்றவர்களையும் கணக்கில் எடுக்கத்தான் முயற்சி வேண்டும் என்பது அவருடைய விளக்கம். என்னிடமோ சுமையேற்றிய குழுவுக்கும் மற்றதற்கும் வேறுபாடே தெரியவில்லை.

சுமைக்காக மடிக்கணினித் திரையில் ஏழு இலக்க எண்ணைக் காட்டி, மதிப்பீடு முடியும்வரை நினைவில் வைக்கச் சொல்கிறேன். வெள்ளவத்தை அமர்வொன்றில் ஒரு மாணவி, கைத்தொலைபேசி விசைகளை அழுத்துவதுபோல் முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். நம் கைத்தொலைபேசி எண்ணிலும் 07 எனத் தொடங்கும் முதல் மூன்று இலக்கங்களுக்குப் பின் வருபவை ஏழுதானே! மூன்றும் நான்குமாகப் பிரித்துவிட்டால் அது சுமையே அல்ல என்பது என் சந்தேகம்.

ஒன்பது இலக்கமாக்கினேன், பலர் பாதியில் கைவிட்டார்கள், கைவிட்ட பின் சுமை ஏது? ஒலிப்பதிவாகக் கொடுத்தபோது வாய்க்குள் முணுமுணுத்து அருகிலிருந்தவரையும் குழப்பினார்கள். நேர வரம்பு வைத்தால், விளைவு அவசரத்தாலா சுமையாலா என்று பிரித்தறிய முடியாது.

எண்களுக்குப் பதிலாக, தமிழ்ப் பங்கேற்பாளர்களிடம் நீங்களே பயன்படுத்திப் பலன் கண்ட சுமைப்பணி எது?