டிராகுலாவைத் திரும்பப் படித்தேன், அந்தத் தாயை மறக்க முடியவில்லை

குரோம்பேட்டை வாசகி:
ப்ராம் ஸ்டோக்கரின் இந்த நாவல், எட்டாம் வகுப்பு லீவில் பைகிராப்ட்ஸ் ரோடு பழைய புத்தகக் கடையில் அப்பா வாங்கித் தந்தது. ரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபு கோட்டைச் சுவரில் தலைகீழாகப் பல்லி மாதிரி இறங்குவாரே, அதுதான் அப்போது என்னைத் தூங்கவிடவில்லை. சமையலறையில் பல்லி கத்தினாலே அம்மாவைக் கூப்பிடுவேன்.

போன மாதம் தாம்பரம் ரயிலில் மறுபடி எடுத்தேன். பல்லிக் காட்சி ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்தக் கோட்டையில் அடைபட்டிருக்கும் ஜொனாதனின் நாட்குறிப்பில் ஜூன் 24! முற்றத்தில் ஒரு தாய் தலைவிரிகோலமாக, கதவை அடித்து அடித்து, பிரபு தூக்கிப்போன தன் பிள்ளையைக் கொடு என்று கதறுகிறாள். ஜொனாதன் மேலே ஜன்னலில் நிற்கிறான். ஓநாய்கள் வருகின்றன. அவளிடமிருந்து ஒரு சத்தம்கூட இல்லை. வாயை நக்கிக்கொண்டே அவை திரும்பிப் போகின்றன. அவளுக்குப் பேர்கூடக் கிடையாது. செத்ததே அவளுக்கு நல்லது என்று எழுதிவைக்கிறான் பாருங்கள், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் மகளுக்கு 2 வயது. குரோம்பேட்டையில் இறங்காமல் தாம்பரம் வரை போய்விட்டேன். சின்ன வயதில் இதையும் படித்திருப்பேன்தானே? துளிகூட ஞாபகம் இல்லை.

மாடிவீட்டுக்காரன்:
சகோதரி, ஜொனாதனைக் கோபிக்காதீர்கள். அதற்குச் சற்று முன்னால் பாருங்கள். குழந்தையின் வீறல் கேட்டதும் கதவைத் திறக்கப் பார்க்கிறான், பூட்டியிருக்கிறது. ஊருக்குக் கிளம்புகிறேன், கிளம்பிவிட்டேன் என்று ஜூன் 12, 19, 29 தேதி போட்டு மூன்று கடிதத்தைப் பிரபு அவனிடம் முன்பே எழுதி வாங்கிவிட்டார். தன் சாவு எப்போது என்று தெரிந்தே உட்கார்ந்திருக்கிறான். 2020-ல் எங்கள் வாசலைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். கீழ்வீட்டுக்காரரை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர் மனைவி தகரத்தை அடித்துக் கதறினார். நான் பால்கனியில் நின்றேன். அவ்வளவுதான் முடிந்தது.

ரத்தவங்கி ஊழியர்:
எனக்கு மறக்க முடியாதவள் லூசிதான், பிரபு ரத்தம் குடித்துக் குடித்துச் சோர்ந்துபோகும் பெண். அவளுக்கு நாலு ஆண்களின் ரத்தத்தை வகை பார்க்காமலே ஏற்றுகிறார்கள். நாவல் வந்தது 1897-ல். விஞ்ஞானி லான்ட்ஸ்டைனர் ரத்த வகைகளை வெளியிட்டது 1901-ல். இப்போது படித்தால் ஒவ்வொரு முறையும் கை பதறுகிறது. படித்தவர்கள் தயவுசெய்து ஒருமுறையாவது ரத்தம் கொடுங்கள். 18 வயது ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். வெறும் வயிற்றோடு மட்டும் வராதீர்கள். முந்தின ராத்திரி நன்றாகத் தூங்குங்கள், கொடுத்ததும் உடனே எழுந்து ஓடாதீர்கள். லூசிக்கு முதலில் ரத்தம் கொடுத்த அவள் காதலன் ஆர்தரைக்கூட டாக்டர் வான் ஹெல்சிங், வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கு என்றுதான் அனுப்புவார்.

குரோம்பேட்டை வாசகி:
மாடிவீட்டு அண்ணா, எடுத்துப் பார்த்தேன். கதவு திறக்காமல் உட்கார்ந்து அழுதான் என்றே இருக்கிறது. அந்த வரியையும் தாண்டிப் போயிருக்கிறேன்.