அடிப்பிடித்த குழம்பைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி:
எங்கள் வீட்டில் பருப்புக் குழம்பு கெட்டியாகும் நேரத்தில் அடிக்கடி அடிப்பிடித்துவிடுகிறது. எல்லோரும் விரும்பிச் சாப்பிடுவதைக் கொட்ட மனம் வராததால் கேட்கிறேன்: கருகல் வாடையை நீக்க வழி உண்டா? உப்புக் கூடினால் உருளைக்கிழங்கு போடலாம் என்கிறார்களே, அது உண்மைதானா?

மறுமொழி 1:
வாடை வந்தவுடன் அடுப்பை அணைத்துவிட்டு, அடியைச் சுரண்டாமல் மேலாக உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்திற்கு மாற்றுங்கள். பதற்றத்தில் கிளறிவிடுவதுதான் பெருங்கேடு; ஒட்டியிருந்த கருகல் அப்போதுதான் முழுவதும் கலக்கிறது. மாற்றியதில் ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். கசப்பு நாக்கில் நின்றால் எந்த மசாலாவாலும் அதை மறைக்க முடியாது. பருப்பின் மாவுச்சத்து கரையக் கரையக் குழம்பு இறுகி, அடியில் ஏறும் சூடு மேலே பரவாமல் அங்கேயே தங்குவதால்தான் அடிப்பிடிக்கிறது. ஆகவே அந்தக் கட்டத்தில் தீயைத் தணித்து, அடிகனமான பாத்திரத்தில் விடாமல் கிளறுங்கள்.

மறுமொழி 2:
உருளைக்கிழங்கு உப்பை மட்டும் தனியே பிரித்து எடுப்பதில்லை, உப்புநீரைத்தான் உறிஞ்சுகிறது. எஞ்சிய குழம்பின் கரிப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். உப்பில்லாமல் வேகவைத்த பருப்பையோ வெந்நீரையோ சேர்த்து அளவைக் கூட்டுவதே பலன் தரும்.

மறுமொழி 3:
பாத்திரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சமையல் சோடா கலந்த நீரை அதில் கொதிக்கவிட்டு ஊறவைத்தால் கருகல் இளகிக் கழன்றுவரும். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், கறுத்துவிடும்.