பெரியம்மா வீட்டு வைஃபை

பெரியம்மா: தம்பி நிக்கிறியே? பின்னேரம் 7 மணியானா வைஃபை சரியான ஸ்லோ, பேத்திக்கு சூம் கிளாஸ் ஒவ்வொரு நாளும் இடையில நிண்டு போகுது, பிள்ளை அழுதுகொண்டு இருக்கு. நாளைக்கு லைன வெட்டிப்போட்டு வேற கொம்பனிக்கு மாறப்போறன்

மாமா: அக்கா அவசரப்படாதேங்கோ. பக்கத்து பிளட்டில ஆரும் உங்கட பாஸ்வேர்ட் வச்சுப் பாக்கினமோ தெரியாது. வைஃபைட பேர மறைச்சு விடுங்கோ

நான்: மாமா பேர மறைச்சுப் பிரயோசனம் இல்ல, அதைக் கண்டுபிடிக்கிற ஆப் ஃப்ரீயாவே கிடைக்குது. பெரியம்மா முதல் ஒண்டு செய்யுங்கோ. அண்ணாட லப்டொப்ப வயர் போட்டு நேர ரவுட்டரில குத்தி ஸ்பீட் பாருங்கோ, பிறகு அதே லப்டொப்ப பேத்திட அறைக்குள்ள கொண்டுபோய் வைஃபையில பாருங்கோ

பெரியம்மா: வயரில 38 எம்பிபிஎஸ். அறைக்குள்ள 4

நான்: அப்ப லைன்ல பிழை இல்ல, கொம்பனி மாறினாலும் இதே கதைதான். ரவுட்டர் எங்க வச்சிருக்கிறீங்கள்?

பெரியம்மா: குசினியில பிரிட்ஜுக்கு மேல. அங்கதான் பிளக் கிட்ட

அக்கா: பக்கத்தில மைக்ரோவேவும் இருக்கெல்லே? நான் வந்து நிக்கேக்க கறி சூடாக்கினா வீடியோ கோல் விழுந்தது ஞாபகமோ

நான்: அக்கா அது சும்மா நடந்த விசயம் இல்ல, மைக்ரோவேவும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கம்தான் வேலை செய்யுது, வைஃபைட பழைய பாண்டும், அதான் அலைவரிசை, அதேதான். போதாக்குறைக்கு பிரிட்ஜ் முழுக்கத் தகடு. ரவுட்டர ஹோலுக்கு எடுங்கோ, கொஞ்சம் உயரத்தில, அலுமாரிக்குள்ள வேண்டாம். ஆனா பைபர் வயர மடிச்சு இழுக்காதேங்கோ, உள்ளுக்க இருக்கிறது கண்ணாடி நூல். நீளம் காணாட்டி ஆளக் கூப்பிட்டு மாத்துவிப்பம்

பெரியம்மா: நீளம் இருக்கு, அண்ணா மாத்திட்டான். பக்கத்தில இருக்கிற வைஃபை எல்லாத்தையும் காட்டுற அனலைசர் ஆப் போட்டு படம் அனுப்பினவன் பார்

நான்: பாத்தன். 31 வைஃபை! வெள்ளவத்தையில ஒரு ஒழுங்கைக்குள்ள எத்தினை மாடி, எல்லாரும் வேலையால வந்து ஒரே நேரத்தில பாக்கத் தொடங்க அதான் 7 மணிக்கு இறுகுது. 2.4 பாண்டில 13 சனல், பாதை மாதிரி, இருந்தாலும் ஒண்டோட ஒண்டு முட்டாம நிக்கிறது 1, 6, 11 மூண்டுதான். உங்கட படத்தில 6-ல கூட்டம், 11-ல கொஞ்சப் பேர், அப்ப 11 போடுங்கோ. 3, 4 எண்டு நடுவில போட்டுடாதேங்கோ, ரெண்டு பக்கத்தாரோடயும் இடிபடும். சனல் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில விடுங்கோ, 40 போட்டா அக்கம்பக்கத்து ஆக்களுக்கும் கஷ்டம்

அக்கா: எங்க போய் மாத்துறது எண்டும் சொல்லு, பெரியம்மாக்குத் தெரியாது

நான்: வைஃபையில நிண்டுகொண்டு, மொபைல் டேட்டாவ நிப்பாட்டிப்போட்டு பிரவுசரில 192.168.1.1 அடியுங்கோ. வராட்டி ரவுட்டருக்கு அடியில ஸ்டிக்கர் இருக்கும், அட்ரஸ், பேர், பாஸ்வேர்ட் எல்லாம் அதில. உள்ள போனதும் முதல் வேலை அந்த அட்மின் பாஸ்வேர்ட மாத்துறது, அது வைஃபை பாஸ்வேர்ட் இல்ல, ரெண்டும் வேற வேற. பிறகு வயர்லெஸ் எண்ட பக்கத்தில 5 கிகாஹேர்ட்ஸ ஓன் பண்ணி அதுக்குத் தனிப்பேர் வையுங்கோ, சனல் 36. 5 கிகாஹேர்ட்ஸ் கன சுவர் தாண்ட மாட்டுது, ஆனா ஹோலில இருந்து பேத்திட அறைக்கு ஒரு சுவர்தானே, காணும். 52 தொடக்கம் 144 வரை உள்ள சனல் போட்டா ராடார் இருக்கோ எண்டு ரவுட்டர் ஒரு நிமிசமாவது கேட்டுப்போட்டுத்தான் வைஃபை விடும், அது பழுதில்ல

மாமா: செக்கியூரிட்டி?

நான்: வைஃபைக்குப் போடுற பூட்டு வகையில டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், இல்லாட்டி டபிள்யூபிஏ 2-உம் 3-உம் கலந்தது. டபிள்யூபிஎஸ், அதான் பாஸ்வேர்ட் அடிக்காம பட்டனாலயோ பின் நம்பராலயோ சேருற வசதி, கட்டாயம் ஓஃப், மாமா உங்கட வீட்டிலயும். அதின்ட பின் நம்பர் 8 இலக்கம், ஆனா ரவுட்டர் அதை ரெண்டு துண்டாத்தான் சரிபார்க்குது, கடைசி இலக்கம் வேற கணக்கில தானா வாறது, அப்ப கூடினது 11,000 தரம் அடிச்சுப் பாத்தா ஆள் உள்ள. 2011-லயே கண்டுபிடிச்சது இது, இன்னும் கனபேர் திறந்து வச்சிருக்கினம், எனக்கு அதுதான் பெரிய பயம்

மாமா: எனக்கு இப்பதான் தெரியும். உடன நிப்பாட்டுறன்

பெரியம்மா: அண்ணா எல்லாம் செய்திட்டான். அறைக்குள்ள 33 காட்டுது!! கிளாஸ் போகுது, ஒருக்காலும் நிக்கேல்ல. ஆனா பிரின்டர் வைஃபையக் காணேல்ல எண்டு சொல்லுது

நான்: அது பழசு, 5 அதுக்குப் பிடிபடாது. 2.4 பேரில போடுங்கோ, அங்க டபிள்யூபிஏ2 மட்டும் விடுங்கோ

பெரியம்மா: வந்திட்டுது தம்பி. மொடல் பேப்பர் பிரின்ட் ஆகுது