மெக்னீசியம் எரித்தால் ஆக்சைடின் எடை குறைவாக வருகிறது, ஏன்?

மூசை_28: மூசையும் (பொருளைப் போட்டுச் சூடாக்கும் சிறு கிண்ணம்) மூடியும் 28.41 கிராம். மெக்னீசியம் நாடாவைப் போட்டதும் 28.65. எரித்த பிறகு 28.77. அதாவது 0.24 கிராம் மெக்னீசியத்தோடு சேர்ந்த ஆக்சிஜன் 0.12 கிராம்தான். மோலாக்கினால் (அணுக்களின் எண்ணிக்கைக் கணக்கில்) 0.0099-க்கு 0.0075, கிட்டத்தட்ட 4:3. மெக்னீசியம் ஆக்சைடு MgO என்றால் 1:1 வர வேண்டாமா? கணக்கில் தப்பா, செய்முறையில் தப்பா?

உப்புத்தாள்: கணக்கு சரி. 0.24 × 40.3 ÷ 24.3 = 0.40 கிராம் ஆக்சைடு வரணும், உங்களுக்கு 0.36தான் வந்திருக்கு. மூடியைத் திறக்கும்போது வெள்ளைப் புகை வந்ததா? அந்தப் புகையே நீங்க தேடுற ஆக்சைடுதான். மூடியை இடுக்கியால் ஓரத்தில் துளி தூக்கி, உள்ளே பளிச்சென்று ஒளிர்ந்ததும் உடனே மூடிடணும். அந்த ஒளியை நேராகப் பார்க்காதீங்க. திறந்தாலும் ஒளிராத நிலை வரும்வரை இதைத் தொடரணும். பயந்து மூடியே வைத்திருந்தால் நாடா பாதி எரியாமல் கிடக்கும்.

நீலலிட்மஸ்: புகையை மட்டும் குறை சொல்ல முடியாது. மூசைக்குள் ஆக்சிஜன் தீர்ந்ததும் மெக்னீசியம் நைட்ரஜனோடு சேர்ந்து நைட்ரைடு ஆகும். 0.24 கிராம் முழுக்க நைட்ரைடானால் கூடும் எடை 0.09 மட்டுமே, ஆக்சைடானால் 0.16. உங்க 0.12 நடுவில் நிற்குது, பாருங்க! மூசை நன்றாக ஆறிய பிறகு ஐந்தாறு சொட்டு வாலைவடிநீர் விடுங்க (சூட்டில் விட்டால் மூசை விரிசல் விடும்). மெல்லச் சூடாக்கினால் நைட்ரைடு ஹைட்ராக்சைடாகி அம்மோனியா வரும், ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை மூசையின் வாய்ப்பக்கம் பிடித்தால் நீலமாகும். பிறகு பத்து நிமிடம் கடுமையாகச் சூடாக்கினால், மிஞ்சிய ஹைட்ராக்சைடு ஆக்சைடாகிடும்.

மூசை_28: புகை கொஞ்சம் வந்தது. ஆனால் தண்ணீர் விட்டால் அதன் எடையும் சேர்ந்துடுமே? நாடாவைத் தேய்க்கவும் இல்லை, அது பரவாயில்லையா?

உப்புத்தாள்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. நாடா மேல் மங்கலாகத் தெரிவது ஏற்கெனவே ஆன ஆக்சைடு, அதையும் மெக்னீசியம் கணக்கில் எழுதியிருக்கீங்க. பளபளப்பு வரும்வரை உப்புத்தாளால் தேய்ச்சுத் துடைச்சு, தளர்வாகச் சுருட்டிப் போடுங்க. இறுக்கிச் சுருட்டினால் நடுவில் காற்று போகாது.

தண்ணீருக்கு: சூடாக்கு, ஆறவிடு, எடை போடு, அடுத்தடுத்த இரண்டு எடைகள் 0.01-க்குள் ஒத்துவரும்வரை திரும்பச் செய். காலி மூசைக்கும் இதே பாடுதான், ஈரம் அதிலும் இருக்கும்.

நீலலிட்மஸ்: தராசையும் விட்டுடாதீங்க. ஒவ்வொரு அளவீட்டிலும் ±0.01 என்றால் கழித்து வரும் 0.12 என்பது 0.10 முதல் 0.14 வரை எதுவாகவும் இருக்கலாம். 0.16-ஐ அது எட்டலை, அதனால் பழி தராசின் மேல் மட்டும் இல்லை. 0.5 கிராம் எடுத்தால் கூடும் எடை 0.33 வரும், அதே பிழை பாதியாகத் தெரியும். கடைசி எடையைச் சூடாக இருக்கும்போதே போட்டீங்களா? மேலெழும் சூடான காற்று தட்டை லேசாகத் தூக்கி எடையைக் குறைத்துக் காட்டும். மூசையைக் கையில் தொடும் அளவுக்கு ஆறவிட்ட பிறகே தராசில் வைங்க.