சேலத்தில் படிக்கும், ஏற்காட்டில் படிக்காது

அக்காவின் திருமணப் படங்கள் இருந்த பழைய சிடி, டிவிடி தட்டுகளை ஹார்டு டிஸ்கில் ஏற்றிவிடலாம் என்று கடந்த ஐப்பசியில் ஏற்காட்டு வீட்டில் உட்கார்ந்தபோது, டிவிடி டிரைவ் எந்தத் தட்டையும் ஏற்கவில்லை. தட்டு சுழலும், விளக்கு மினுக்கும், பிறகு தட்டைச் செருகுமாறு திரை கேட்கும். கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பெயர், பழுதைக் காட்டும் மஞ்சள் குறியின்றித் தெரிந்தபோதே விண்டோஸின் மேல் பழியில்லை என்று ஊகித்திருக்க வேண்டும். ஆனாலும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவுவதிலேயே ஒரு நாளைக் கழித்தேன்.

பிறகு டிரைவைக் கழற்றிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலம் ஐந்து ரோட்டில் ஒரு பழுது நீக்கும் கடையில் கொடுத்தேன். கொண்டுபோன மூன்று தட்டுகளும் அங்கே தடையின்றி ஓடின. கடைக்காரர், “தம்பி, இதுல ஒண்ணுமில்லையே” என்று சிரித்துவிட்டுக் காசும் வாங்காமல் அனுப்பினார். மறுநாள் காலை வீட்டில் மாட்டினால் பழைய கதைதான்.

அன்று கணினி மூன்று மணி நேரம் ஓடிய பின், நம்பிக்கையின்றிச் செருகிய தட்டு படித்தது. பனிமூட்டம் சன்னல் வழியே அறைக்குள்ளேயே புகும் இந்தச் சேர்வராயன் மலையில், இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த டிரைவின் லென்ஸின் மேல் காலையில் ஈரம் மெல்லிய படலமாகப் படிந்து லேசர் ஒளியைச் சிதறடித்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. சிடிக்கான 780 நானோமீட்டர் ஒளியும் டிவிடிக்கான 650 நானோமீட்டர் ஒளியும் அந்த ஒரே லென்ஸைக் கடந்தே போவதால் இரண்டு வகைத் தட்டுகளும் மறுத்திருக்கின்றன. (டிவிடி படித்து சிடி மட்டும் படிக்காதிருந்தால் ஒளியை உண்டாக்கும் லேசர் டயோடைச் சந்தேகித்திருப்பேன்.)

மின்இணைப்பைத் துண்டித்து, அடியிலுள்ள திருகுகளைக் கழற்றி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் லென்ஸைத் துடைத்தேன். மயிரிழைக் கம்பிகளில் தொங்கும் பொருள் அது. சற்று அழுத்தினாலும் போயிற்று. பஞ்சில் பழுப்புக் கறை ஒட்டியிருந்தது.

படிப்பது சீரானாலும் எழுதுவது பாதியிலேயே நின்றது. எழுதுவதற்கு லேசருக்குப் பல மடங்கு ஆற்றல் வேண்டும் என்பதால், வயதான டிரைவ் 16எக்ஸ் (அடிப்படை வேகத்தைப் போல் 16 மடங்கு) வேகத்தில் திணறியிருக்க வேண்டும். 4எக்ஸுக்குக் குறைத்ததும், 4.7 ஜிபி தட்டு கால் மணி நேரத்தில் பிழையின்றி முடிந்தது.

இப்போதெல்லாம் மழைக்காலத்தில் தட்டில்லாமல் கணினியை ஒரு மணி நேரம் ஓடவிட்ட பிறகே வேலையைத் தொடங்குகிறேன். இரண்டு தட்டுகள் மட்டும் எந்த டிரைவிலும் படிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வெள்ளிப் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் தெரிகின்றன. அவற்றில்தான் வரவேற்புப் படங்கள் இருக்கின்றன, அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.